பாஸ் படகு சரியாக ஓடவில்லையா? புரொபெல்லரும் இன்ஜின் உயரமும், அறிகுறி வாரியாக

பாஸ் படகு (பாஸ் மீன் பிடிக்கும் வேகப்படகு) வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த புரொபெல்லர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு. முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு வருகிறது? இன்ஜின் எந்த உயரத்தில் நிற்கிறது? இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய ஸ்டீல் புரொபெல்லர்கள் அமெரிக்காவில் எத்தனையோ கராஜ் சுவர்களில் சும்மா தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 500, 600 டாலருக்குக் குறையாது.

கீழே உள்ளது 18 முதல் 21 அடி நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் பாஸ் படகுகளுக்கு. பின்னால் 150 முதல் 250 குதிரைசக்தி அவுட்போர்டு (படகுக்கு வெளியே தொங்கும் இன்ஜின்), பெரும்பாலும் அதன் உயரத்தை மாற்றும் ஜாக் பிளேட்டும் இருக்கும். அலுமினியப் படகுக்கும் மிதவைக் குழாய்களின் மேல் நிற்கும் பாண்டூனுக்கும் இதே எண்கள் பொருந்தாது. உங்கள் படகு என்ன செய்கிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

ஐந்து விஷயங்களை எழுதி வையுங்கள்: முழு த்ராட்டில் ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம், புரொபெல்லர் மேல் பொறித்திருக்கும் பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது எத்தனை இன்ச் முன்னேற வேண்டும் என்ற எண்), இன்ஜின் உயரம். வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புங்கள். டேஷ்போர்டு ஸ்பீடோமீட்டர் பொய் சொல்வதில் கெட்டிக்காரன்.

உயரத்தை டிரெய்லரில் வைத்தே அளக்கலாம். படகின் அடியில், பின்பக்கம் நடுவில், ஒரு தட்டையான பட்டை ஓடும். அதுதான் பேட். வேகமாகப் போகும்போது படகு நிற்பது அதன் மேல்தான். நீளமான நேர்க்கட்டை ஒன்றை பேட்டின் அடியில் அழுத்திப் பிடித்து, இன்ஜினைத் தொடும் அளவுக்குப் பின்னால் நீட்டுங்கள். புரொபெல்லருக்கு மேலே இருக்கும் அகலத் தட்டு (கேவிட்டேஷன் பிளேட் என்று எல்லோரும் சொல்வது) கட்டைக்கு இணையாக வரும்வரை ட்ரிம்மை (இன்ஜினின் சாய்வை) ஏற்றி இறக்குங்கள். அப்புறம் கட்டையின் மேல் விளிம்பிலிருந்து புரொபெல்லர் தண்டின் மையம் வரை அளந்தால் வருவதுதான் உங்கள் எண். கீழ் விளிம்பிலிருந்து அளந்தால் கட்டையின் பருமன் அளவுக்குத் தவறும்.

தண்டு பேட்டுக்கு 3 முதல் 3½ இன்ச் கீழே இருந்தால் நல்ல தொடக்கம். 5 இன்ச் கீழே இருந்தால் இன்ஜின் ஆழத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. 2½ இன்ச்சைவிடக் குறைவாக, அதாவது இன்ஜின் இன்னும் மேலே ஏறியிருந்தால் யாரோ வேகத்துக்காக விளையாடியிருக்கிறார்கள். பழைய படகு வாங்கியவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

சோதனை ஓட்டத்தில் எப்போதும் ஒரே சுமை இருக்கட்டும்: அரை டேங்க் பெட்ரோல், அதே ஆட்கள், காலியான லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரத்தைக் கால் இன்ச் கால் இன்ச்சாக மாற்றுங்கள். புரொபெல்லரில் கை வைக்கும் முன், ஓட்டுநர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றி, சாவியையும் எடுத்துவிடுங்கள்.

## முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் ஏறவில்லை

கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். பல நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அது 5000-க்கும் 6000-க்கும் இடையில் எங்காவது இருக்கும். சுமையோடு, நன்றாக ட்ரிம் செய்த பிறகு அந்த வரம்பின் மேல் பகுதியைத் தொட வேண்டும். கீழேயே நின்றால் இன்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். வேகம் போவது மட்டுமல்ல, இன்ஜினின் ஆயுளும் குறையும்.

முன்பு நன்றாக ஓடியது, இப்போது இல்லை என்றால் புரொபெல்லர் வாங்கும் எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். பிட்ச் தானாக மாறாது. பில்ஜில் (படகின் அடித்தளத்தில்) தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல், பின்பெட்டியில் இருபது கேலன் ஒளிந்திருந்தால் ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. அடுத்து எரிபொருள் வடிகட்டி. பங்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஈ15 (15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. அவுட்போர்டுகளுக்கு ஈ10-தான் எல்லை. அதற்கப்புறம் ஸ்பார்க் பிளக். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கோ பீப் சத்தமோ இருந்தால் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைத் தானே குறைத்திருக்கலாம். அந்த நிலையில் விரட்டாதீர்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆர்பிஎம் வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். கம்ப்ரெஷன் பார்ப்பதும் கம்ப்யூட்டரை மாட்டிப் படிப்பதும் வீட்டு வேலை அல்ல.

வாங்கிய நாள் முதலே இப்படித்தான் என்றால் முதலில் உயரம். இன்ஜினைக் கால் இன்ச் ஏற்றி ஓட்டுங்கள். தண்ணீர் இழுவை குறைய ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏறும். வேகம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை, தண்ணீர் அழுத்தம் விழாதவரை ஏற்றலாம். உயரம் முடிந்த பிறகும் குறைவாகவே இருந்தால்தான் பிட்ச்சைக் குறைப்பது. ஒரு இன்ச் பிட்ச் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 5400 வந்து 5800 வேண்டுமென்றால் இரண்டு இன்ச். 25 இருந்த இடத்தில் 23.

மேட்டு நிலத்து ஏரிகளில் இன்னொரு விஷயம் உண்டு. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் இன்ஜின் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். யூட்டா-அரிசோனா எல்லையில் உள்ள லேக் பவல் நிரம்பி நிற்கும்போது கடல் மட்டத்துக்கு மேல் 3,700 அடி. டெக்சாஸில் கச்சிதமாக ஓடிய படகை அங்கே கொண்டுபோய் இறக்கினால் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். படகில் ஒரு குறையும் இல்லை. அங்கே அடிக்கடி போகிறவர் ஒன்றிரண்டு இன்ச் பிட்ச் குறைந்த இன்னொரு புரொபெல்லர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## ஆர்பிஎம் எல்லை தாண்டுகிறது, அதைத் தடுக்கும் லிமிட்டரில் இடிக்கிறது

வேகமும் சேர்ந்து ஏறுகிறதா என்று ஜிபிஎஸ்ஸைப் பாருங்கள்.

ஏறுகிறது என்றால் பிட்ச் போதவில்லை. ஒன்று இரண்டு இன்ச் கூட்டுங்கள். இது செலவு வைத்தாலும் சந்தோஷமான பிரச்சினை.

ஏறவில்லை, இன்ஜின் மட்டும் கத்துகிறது என்றால் ட்ரிம்மைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்னால் தண்ணீர் கோபுரம் மாதிரி எழும்பினால் ட்ரிம் மிஞ்சிவிட்டது. அதில் சரியாகவில்லை என்றால் இன்ஜினைக் கால் இன்ச் இறக்குங்கள். புரொபெல்லர் காற்றைக் குடிக்கிறது.

இன்ஜின் இறங்கியும் நிற்கவில்லை என்றால் ஹப்பைச் சந்தேகப்படுங்கள். புரொபெல்லருக்கும் தண்டுக்கும் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு உறை இருக்கும். எதிலாவது மோதினால் கியர் உடையாமல் இருக்க அது முதலில் விட்டுக்கொடுக்கும். ஒருமுறை விட்டுக்கொடுத்த ரப்பர் அப்புறம் அடிக்கடி நழுவும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, அழுத்தினால் மட்டும் நழுவும். கண்டுபிடிப்பது சுலபம். புரொபெல்லரின் பின்பக்கத்தில், வெளிக்குழாய், உள் உறை, நட்டு மூன்றையும் தொட்டபடி பெயின்ட் மார்க்கரில் ஒரே நேர்க்கோடு இழுங்கள். நன்றாக அழுத்தி ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு உடைந்து தள்ளி நின்றால் ஹப் போய்விட்டது. பிளாஸ்டிக் உறை என்றால் நீங்களே மாற்றலாம். அழுத்திப் பொருத்தும் ரப்பர் என்றால் புரொபெல்லர் கடை. கரைக்குத் திரும்ப வேண்டிய நிலையில், பிளேன் ஏற (தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்க) முயலாமல் மெதுவாக வந்தால் பெரும்பாலும் வந்து சேரலாம்.

## கிளம்பும்போது மூக்கைத் தூக்கி நிற்கிறது, பிளேன் ஏற நேரமாகிறது

ட்ரிம் முழுக்க உள்ளே போகிறதா பாருங்கள். ஹைட்ராலிக் ஜாக் பிளேட் இருந்தால் கிளம்பும்போது இறக்கி, பிளேன் ஏறிய பிறகு ஏற்றுங்கள். ஏற்றிய நிலையிலேயே விட்டுவிட்டு "புரொபெல்லர் சரியில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. லைவ்வெல் நிறைய தண்ணீர், பின்னால் மூன்று நான்கு பேட்டரி, மறந்துபோன நங்கூரம் என்று சுமையும் சேர்ந்திருக்கும்.

கிளம்பும் நேரத்தில் கவனிக்க வேண்டியது ஆர்பிஎம் முள். 2500, 3000-இல் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் இன்ஜின் திணறுகிறது. பல ஸ்டீல் புரொபெல்லர்களின் குழாயில் சிறு துளைகள் இருக்கும், அவற்றை அடைக்கும் பிளக்குகளில் வெவ்வேறு துளை அளவுகள் கிடைக்கும். பெரிய துளைப் பிளக் போட்டால் கிளம்பும்போது புகைக்காற்று கொஞ்சம் இதழ்களுக்குள் வரும், இன்ஜின் சீக்கிரம் சுற்றி எழும். சில டாலர்தான் செலவு. புரொபெல்லரே வாங்குவதற்கு முன் இதை முயன்று பார்க்காதவர்கள்தான் அதிகம். மாறாக முள் 5000-க்குப் பாய்ந்தும் படகு நகரவில்லை என்றால் துளை அதிகமாகிவிட்டது, இல்லையென்றால் இன்ஜின் மேலே நிற்கிறது. அப்போது சிறிய துளைக்குப் போங்கள், அல்லது இறக்குங்கள்.

இதற்கு மேல்தான் நான்கு இதழ். மூன்று இதழிலிருந்து நான்குக்குப் போனால் பிட்ச்சை வழக்கமாக ஒரு இன்ச் குறைப்பார்கள். கிளம்புவது நன்றாகும், பின்பக்கம் தூக்கிக் கொடுக்கும், கரடுமுரடான தண்ணீரில் பிடி விடாது. உச்ச வேகத்தில் மணிக்கு ஒன்றிரண்டு மைல் குறையலாம். தினமும் மீன் பிடிக்கப் போகிறவருக்கு அந்த ஒன்றிரண்டு மைல் ஒரு பொருட்டே இல்லை என்பது என் கட்சி. வேகத்தைக் காட்ட விரும்புகிறவர் மூன்றிலேயே இருக்கட்டும்.

## திருப்பத்தில் பிடி விட்டு இன்ஜின் கத்துகிறது

திரும்பும்போது ட்ரிம்மை உள்ளே இழுக்கிறீர்களா? நேராகப் போகும் ட்ரிம்மோடு திரும்பினால் எந்தப் படகும் பிடி விடும்.

பழக்கம் சரி என்றால் குனிந்து பின்பக்கம் பாருங்கள். மீனைக் காட்டும் சோனாரின் டிரான்ஸ்டியூசர் (ஒலி அனுப்பும் உணரி) எங்கே மாட்டியிருக்கிறது? டிரான்சத்தில் (படகின் பின்பலகையில்), புரொபெல்லருக்கு நேர் முன்னால் மாட்டியிருந்தால் அது கிளப்பும் நுரை நேராக இதழ்களுக்குள் போகும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் பிடி விட்டால் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். புதிதாக சோனார் மாட்டிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் வேறு எதையும் தேடவே வேண்டாம். பிராக்கெட்டை ஓரமாகத் தள்ளுங்கள்.

அப்புறம் இதழ்களின் ஓரம். டெக்சாஸின் லேக் ஃபோர்க்கிலும், லூசியானா எல்லையில் உள்ள டொலீடோ பெண்டிலும் தண்ணீருக்குள் மரக்கட்டைகள் நின்றுகொண்டே இருக்கின்றன. அங்கே ஒருமுறை தட்டினாலே இதழின் பின்னோரத்தில் இருக்கும் மெல்லிய வளைவு மழுங்கிவிடும். கப் என்று சொல்வது அதைத்தான். புரொபெல்லரைத் தண்ணீரில் பிடித்து நிறுத்துவதே அந்த வளைவு. கட்டைவிரலால் ஒவ்வொரு இதழின் பின்னோரத்தையும் தடவிப் பாருங்கள், மெதுவாக, கூர்மையாக இருக்கும். மூன்றும் ஒரே மாதிரி வளைந்து கையில் தட்டுப்பட வேண்டும். ஒன்று மட்டும் தட்டையாக ஓடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். நல்ல புரொபெல்லர் கடை அதைத் திரும்ப வளைத்துக் கொடுக்கும், புதிது வாங்கும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். கப் கூட்டினால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதழ்கள் சரியாக இருந்தால் இன்ஜினைக் கால் இன்ச் இறக்குங்கள்.

## மூக்கு மேலும் கீழும் துள்ளுகிறது

ட்ரிம்மை இறக்கினால் நிற்கும். நின்றுவிட்டால் பிரச்சினை ட்ரிம்மில்தான், வேறெங்கும் இல்லை.

முழுக்க உள்ளே இழுத்தும் துள்ளினால், அல்லது துள்ளல் நிற்கும் அளவுக்கு இழுத்தால் வேகமே செத்துவிடுகிறது என்றால், கனத்தை முன்னால் நகர்த்துங்கள். அடுத்து இன்ஜின் உயரத்தைக் கால் இன்ச் ஏற்றியும் இறக்கியும் இரண்டு பக்கமும் பாருங்கள். இதில் படகுக்குப் படகு குணம் மாறும். பின்பக்கத்தை அதிகம் தூக்கும் நான்கு இதழ் பல படகுகளில் துள்ளலை அடக்கும்.

கடைசிச் சந்தேகம் படகின் அடிப்பாகம். டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்பலகை வரை நீளாமல் முன்னாலேயே முடிந்தால், வருஷக்கணக்கில் இன்ஜின் கனத்தில் அடிப்பாகம் வளைந்திருக்கும். அதே நேர்க்கட்டையைப் பேட்டின் கடைசி ஐந்தடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ, கட்டை ஊசலாடினாலோ ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். எந்தப் புரொபெல்லரும் அதைத் தீர்க்காது.

## வேகத்தில் படகு இடமும் வலமும் ஆடுகிறது

சைன் வாக் என்பார்கள். மணிக்கு 60, 65 மைலுக்கு மேல், படகு பேட்டின் மேல் மட்டும் நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், பிறகு மறுபக்கம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக. இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். ஆடத் தொடங்கினால் ஸ்டீரிங்கை வெட்டாதீர்கள், த்ராட்டிலிலிருந்து காலைச் சட்டென்று முழுக்க எடுக்கவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறையுங்கள். கில் ஸ்விட்ச் கயிறு உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைவான படகுகளில் அது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டுங்கள்.

கரையில் பார்க்க வேண்டியது முதலில் ஸ்டீரிங். இன்ஜினின் கீழ்த்துடுப்பை, புரொபெல்லருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். லொடலொடவென்று ஆடினால் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் குறைவு, குழாயில் காற்று, ஜாக் பிளேட் போல்ட் தளர்வு என்ற வரிசையில் தேடுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் காற்று எடுப்பதும் பொறுமை இருந்தால் வீட்டில் செய்யலாம். கசிவு தெரிந்தாலோ, சிலிண்டரோ இன்ஜின் மவுன்டோ தேய்ந்திருந்தாலோ மெக்கானிக். சரிசெய்யும்வரை அந்த வேகத்துக்குப் போகவே கூடாது.

ஸ்டீரிங் இறுக்கமாக இருந்தால் கனம். வலது கைப் புரொபெல்லர் படகை இடது பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும், ஓட்டுநர் இருக்கை வலதில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேட்டரியும் கருவிப் பெட்டியும் இடதில் குவிந்திருந்தால் மாற்றி வையுங்கள். அப்புறம் ட்ரிம்மைச் சற்றுக் குறைத்து, இன்ஜினைக் கால் இன்ச் இறக்கிப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருப்பது ஓட்டுநரின் பழக்கம். அதை அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதுதான் வழி.

## உயரத்தை ஏற்றியதும் தண்ணீர் அழுத்தம் விழுகிறது

தண்ணீர் உறிஞ்சும் துளைகள் வெளியே வந்துவிட்டன. உடனே இறக்குங்கள். முழு வேகத்தில் 12 முதல் 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் நான் மேற்கொண்டு ஏற்றுவதில்லை. உங்கள் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் கையேடு சொல்வதுதான். அழுத்தமானி இல்லாத படகில் உயரத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

உயரத்தை மாற்றாமலேயே அழுத்தம் குறைந்தால் துளைகளில் நீர்ப்பாசி சிக்கியிருக்கும். அலபாமாவின் கன்டர்ஸ்வில் மாதிரி பாசி மண்டிய ஏரிகளில் இது அன்றாடம். பாசி இல்லையென்றால் நீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்). இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது.

## ஆர்பிஎம் சரி, ஆட்டம் இல்லை, ஆனால் வேகம் மட்டும் வரவில்லை

நழுவல் கணக்கு போடுங்கள். பிட்ச்சின்படி போக வேண்டிய வேகத்தைவிடப் படகு எத்தனை சதவீதம் குறைவாகப் போகிறது என்பதுதான் நழுவல். ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1056-ஆல் வகுத்தால் நழுவலே இல்லாத வேகம் மணிக்கு மைலில் வரும். உதாரணமாக 5800 ஆர்பிஎம், 25 பிட்ச், 1.75 கியர் விகிதம் என்றால் 78.5 மைல். ஜிபிஎஸ் 70 காட்டினால் நழுவல் ஏறத்தாழ 11 சதவீதம். பாஸ் படகுக்கு 8 முதல் 12 வரை ஆரோக்கியம். கியர் விகிதத்தைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள், 1.75-க்குப் பதில் 1.85 என்று போட்டால் கணக்கே மாறிவிடும்.

15-க்கு மேல் வந்தால் புரொபெல்லர் தண்ணீரைப் பிடிக்கவில்லை: கப் மழுங்கல், உயரம் அதிகம், அல்லது அலுமினியப் புரொபெல்லர் அழுத்தத்தில் வளைகிறது. இந்த வேகத்துக்கு ஸ்டீல்தான். நழுவல் 5-க்குக் கீழே வந்தால் அசந்து மகிழ வேண்டாம், முதலில் கணக்கைச் சரிபாருங்கள். எண் உண்மை என்றால் இன்ஜின் ரொம்ப ஆழத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொருவரை ஓட்டச் சொல்லி, பிளேனில் போகும்போது பத்திரமாக உட்கார்ந்தபடி பின்னால் பாருங்கள். கேவிட்டேஷன் பிளேட் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதன் மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் வழுக்கிப் போகலாம். அது தண்ணீருக்குள் புதைந்திருந்தால் ஏற்ற இன்னும் இடம் இருக்கிறது.

## அதிர்வு

புரொபெல்லரைக் கழற்றுங்கள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். பிரெய்டு (பின்னல்) நரம்பு, எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அன்றோடு படகை நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுங்கள். எண்ணெய் சுத்தமாக இருந்தால், தண்டின் முனைக்கு அருகில் ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது. மாறவில்லை என்றால் புரொபெல்லரைக் கடைக்கு அனுப்பினால் போதும். திரும்ப மாட்டும்போது தண்டின் பற்களில் கிரீஸ் தடவி, த்ரஸ்ட் வாஷரை மறக்காமல் போட்டு, நட்டை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ரென்ச்) இறுக்குங்கள். பெரிய மெர்க்குரி இன்ஜின்களுக்கு 55 அடி-பவுண்டு. முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.